பேயுலவும் சந்து

ஸ்கொட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிலே பேய்க்கதை கேட்கும் ஆவலுடன் வழிகாட்டியின் பின்னே செல்வோர், நகர மண்டபத்தின் அடியில் மறைந்துகிடக்கும் மேரி கிங் சந்தினுட் புகுகின்றனர். 1645ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவியபோது, நோயாளரை அங்கே உயிருடன் சுவரெழுப்பி அடைத்தனர் என்றும், அவர்தம் ஆவிகள் இன்றும் உலவுகின்றன என்றும் கதை வழங்குகின்றது.

ஆயின், வரலாறு கூறுவது வேறு. நோயுற்றோர் வீடுகளுள் ஒதுக்கிவைக்கப்பட்டது உண்மையே, எனினும் அவர்க்கு உணவு வழங்கப்பட்டது, வைத்தியமும் செய்யப்பட்டது. நகரசபை நியமித்த முதல் வைத்தியர் அந்நோய்க்கே இரையானார். அதனை அறிந்தும் அவரிடத்துக்கு வந்தவர் ஜோர்ஜ் ரே. உயிர்பிழைத்த அவர், வாக்களித்த ஊதியத்துக்காகப் பல ஆண்டுகள் நகரசபையிடம் மன்றாட நேர்ந்தது.

மாணவர்களே, இல்லாத பேயை எண்ணி நடுங்கும் நாம், நோய் புகுந்த வீட்டினுள் அஞ்சாது நுழைந்த அவ்விருவரையும் எண்ணித் தலைவணங்க வேண்டாமா?