முடியும் கையெழுத்தும்: ஒரகடத்தில் ஆறாம் ஜார்ஜ்

சென்ற வாரம் 1708-ல் நின்றோம். அந்த ஆண்டு ஸ்காட்லாந்து படைத்திரட்டு மசோதாவுக்கு ஆன் ராணி ஒப்புதல் மறுத்தார். அதற்குப் பிறகு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எந்த மசோதாவையும் எந்த மன்னரும் மறுத்ததில்லை. இந்த வாரம் நம் ஆளுநர்களிடம் வருவதாகச் சொல்லியிருந்தேன். வழியில் ஒரு தேதி என்னைப் பிடித்துக்கொண்டது: 1948 செப்டம்பர் 23.

தொழிற்சாலைகள் சட்டம் ஒப்புதல் பெற்ற நாள் அது. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்பவருக்கும், சுங்குவார்சத்திரத்தில் செல்போன் கோக்கும் பெண்ணுக்கும், ஒரகடத்தில் டயர் செய்பவருக்கும் ஷிஃப்ட் கணக்கு வகுத்த சட்டம். வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் போனால் ஓ.டி.க்கு இரட்டைச் சம்பளம், 250 பேருக்கு மேல் இருந்தால் கேன்டீன் எல்லாம் அதில் வந்தவை. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வரும்வரை, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துத் தொழிற்சாலைகள் அதன்கீழ்தான் ஓடின.

அந்த 1948-ல் இந்தியா குடியரசு அல்ல. 1947 ஆகஸ்ட் 15 முதல் 1950 ஜனவரி 26 வரை நாம் ஓர் அரசியலமைப்பு முடியாட்சி. நம் மன்னர் ஆறாம் ஜார்ஜ். நேரு பிரதமர் என்பது நினைவிருக்கும் அளவுக்கு இது யாருக்கும் நினைவிருப்பதில்லை. மன்னர் பெயரால் ஒப்புதல் தர வேண்டியவர் கவர்னர் ஜெனரல். அந்த ஜூன் மாதம்தான் ராஜாஜி அந்தப் பதவிக்கு வந்திருந்தார். அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த ஓசூரும் இன்று தொழிற்சாலை ஊர்! இ.எஸ்.ஐ. சட்டமும் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அதே ஆண்டு, அவருக்கு முன்பிருந்த மவுண்ட்பேட்டன் காலத்தில் வந்தவை. தொழிலாளி இன்றும் பற்றிக்கொள்ளும் பாதுகாப்புகளில் பல, மன்னர் பெயர் தாங்கிய அந்த இரண்டரை ஆண்டுகளில் பிறந்தவை.

அப்படியானால் மன்னருக்கு இதில் என்ன பங்கு? பெயர் மட்டும்தான். பழைய ஆட்சியில் இந்தியச் சட்டத்தை லண்டனில் இருந்தபடியே ரத்து செய்யும் அதிகாரம் முடிக்கு இருந்தது. 1947-ன் இந்திய சுதந்திரச் சட்டம், 6-ஆம் பிரிவில், அதை நீக்கிவிட்டது. மன்னர் பார்வைக்கென்று மசோதாவை நிறுத்திவைப்பதும் அத்தோடு போயிற்று. எதைச் சட்டமாக்குவது என்ற முடிவு அமைச்சரவையிடமும் அவையிடமும் இருந்தது. தொழிலாளர் துறை ஜகஜீவன் ராம் கையில் இருந்தது. 1949 நவம்பர் 26-ல் அரசியலமைப்பை ஏற்றபோது அரசியல் நிர்ணய சபை, மன்னர் பெயரால் தரப்படும் அந்த ஒப்புதலையும் கேட்கவில்லை. மன்னரின் கீழ் இருந்தபடியே, மன்னரைக் கேட்காமல் மன்னராட்சியை முடித்தார்கள். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

1948-ன் அந்தச் செப்டம்பரில் இன்னொரு மன்னரும் இருந்தார். ஒப்புதலுக்கு ஆறு நாள் முன்பு, 17-ஆம் தேதி, ஹைதராபாத் நிஜாம் போர்நிறுத்தம் அறிவித்துப் பணிந்தார். அதுவரை மன்னராக ஆண்ட அவர், 1950-ல் நம் அரசியலமைப்பின்கீழ் ராஜபிரமுகர், அதாவது மாநிலத் தலைவர், ஆனார். இந்தியக் குடியரசுக்குள் அமைச்சரவை ஆலோசனைப்படி நடந்த முடி அது. அதற்குத் தனி வாரம் வேண்டும்.

கையெழுத்து ஓரிடத்திலும் முடிவு வேறிடத்திலும் இருப்பதற்கு நம் பக்கத்துச் சான்று ஒன்று உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா 2023 ஏப்ரல் 21-ல் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகள் வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன. மூன்றே நாளில் நிறுத்திவைப்பு, மே நாளில் வாபஸ் அறிவிப்பு. அதைத் தடுத்து நிறுத்தியது கூட்டணியும் சங்கங்களும் தந்த அழுத்தம்.

ஆளுநரே மசோதாவை நிறுத்திவைத்தால் என்ன ஆகும்? 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் 10 மசோதாக்களை ஒப்புதல் பெற்றவையாகவே கொண்டது. நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அப்படிக் கொள்வதற்கு இடமில்லை என்று குடியரசுத் தலைவருக்குக் கருத்துச் சொன்னது. அரசியலமைப்பின் 200-ஆம் பிரிவையும், அதற்கு மூலமான 1935 இந்திய அரசுச் சட்டத்தின் 75-ஆம் பிரிவையும் அடுத்த வாரம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம்.

(தொடரும்)