கரூர் வட்டாரத் தொழில் வாழ்வு

கரூர் தமிழ்நாட்டின் நடுப்பகுதியில் அமராவதி ஆற்றின் கரையில் அமைந்துள்ள நடுத்தர அளவு நகரமாகும். கிழக்கே திருச்சிராப்பள்ளி, மேற்கே கோயம்புத்தூர், வடக்கே சேலம், தெற்கே மதுரை ஆகிய நான்கு பெரிய நகரங்களுக்கும் இடையில் இது அமைந்துள்ளது. இவற்றுள் எதனுடைய புறநகராகவும் ஆகாமல், தனக்கெனச் சில தொழில்களை வளர்த்துக்கொண்ட ஊர் என்பது இதன் சிறப்பு. வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி, பேருந்துகளுக்குக் கூண்டு கட்டுதல், கொசுவலைத் தயாரிப்பு, காகித உற்பத்தி, வங்கி மற்றும் நிதித் தொழில் ஆகியவை இவ்வட்டாரத்தின் முதன்மைத் தொழில்களாகும். இத்தொழில்கள் இங்கு நிலைபெற்ற முறையையும், அவற்றால் ஊருக்குக் கிடைத்த பயனையும், ஆறும் நிலமும் அடைந்த இழப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அமைவிடம்

கரூரிலிருந்து நாமக்கல் ஏறத்தாழ 45 கி.மீ., ஈரோடு 65 கி.மீ., திருச்சிராப்பள்ளி 80 கி.மீ., சேலம் 100 கி.மீ., கோயம்புத்தூர் 130 கி.மீ., மதுரை 140 கி.மீ. தொலைவில் உள்ளன. சேலத்திலிருந்து மதுரை செல்லும் தேசிய நெடுஞ்சாலையும், திருச்சிராப்பள்ளியிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் நெடுஞ்சாலையும் கரூரில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன.

திருச்சிராப்பள்ளி - ஈரோடு தொடர்வண்டிப் பாதை 1860களிலேயே கரூர் வழியாக அமைக்கப்பட்டது. 1980களின் பிற்பகுதியில் திண்டுக்கல்லுக்கும், 2013 ஆம் ஆண்டில் நாமக்கல் வழியாகச் சேலத்துக்கும் பாதைகள் திறக்கப்பட்டதால், கரூர் நான்கு திசைகளிலும் பாதை கொண்ட சந்திப்பு நிலையமாயிற்று.

ஆட்சி எல்லைகளைப் பொறுத்தவரையில் கரூர் நீண்ட காலம் வேறு ஊர்களைத் தலைநகராகக் கொண்ட மாவட்டங்களிலேயே இருந்தது. முதலில் கோயம்புத்தூர் மாவட்டத்திலும், 1910 முதல் திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலும் அடங்கியிருந்தது. 1995 இல் தனி மாவட்டமானது. 1874 இல் தொடங்கப்பட்ட கரூர் நகராட்சி 2021 இல் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 10,64,493 ஆகும்.

வரலாற்றுப் பின்னணி

சங்ககாலச் சேரரின் தலைநகராகிய வஞ்சி இவ்வூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வஞ்சி கேரளத்தில் இருந்தது என்போரும் உளர். கருவூர் பழங்காலத்தில் வணிக ஊராக இருந்தது என்பதற்குத் தெளிவான சான்றுகள் உள்ளன. அமராவதி ஆற்றுப் படுகையில் உரோமானியக் காசுகளும் சேரர் காசுகளும் கிடைத்துள்ளன. அகழாய்வில் உரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் வெளிப்பட்டன. கிரேக்கப் புவியியலாளர் தாலமி இவ்வூரைக் குறிப்பிட்டுள்ளார். அருகிலுள்ள புகழூர் ஆறுநாட்டார் மலையின் தமிழிக் கல்வெட்டுகளுள் ஒன்று, கருவூரைச் சேர்ந்த பொன்வணிகர் ஒருவர் சமணத் துறவிக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்ததைக் கூறுகிறது. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காவிரிச் சமவெளிக்குச் சென்ற வணிகப் பெருவழியில் கருவூர் இருந்ததே இதற்குக் காரணமாகும். இன்றைய நெடுஞ்சாலையும் பெரும்பாலும் அதே திசையில்தான் செல்கிறது.

துணித் தொழில்

திருப்பூர் பின்னலாடைக்கும் ஈரோடு துணிச் சந்தைக்கும் பெயர்பெற்றவை. கரூர் வீட்டு உபயோகத் துணிகளில் தனித்தேர்ச்சி பெற்றுள்ளது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, மேசை விரிப்பு, திரைச்சீலை, சமையலறைத் துண்டு, கையுறை போன்றவை இங்கிருந்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பப்படுகின்றன. கைத்தறி நெசவில் தொடங்கிய இத்தொழில் பின்னர் பெருமளவு விசைத்தறிக்கு மாறியது.

ஓர் ஏற்றுமதி ஆணை ஒரே ஆலைக்குள் நிறைவேறுவதில்லை என்பது இத்தொழிலின் அடிப்படை இயல்பாகும். அதன் படிகள் பின்வருமாறு:

1. ஏற்றுமதியாளர் வெளிநாட்டு வாங்குநருக்கு மாதிரி அனுப்பி ஆணை பெறுகிறார். செருமனியின் பிராங்க்பர்ட் நகரில் ஆண்டுதோறும் சனவரியில் நடைபெறும் வீட்டுத்துணிக் கண்காட்சி இதற்கு முக்கிய வாய்ப்பாகும்.
2. நூற்பாலைகளிலிருந்து நூல் வாங்கப்படுகிறது.
3. நூல் சாயப்பட்டறைக்குச் சென்று நிறம் ஏற்றப்படுகிறது.
4. சாயமிட்ட நூல் பாவு ஓட்டப்பட்டு, சுற்றுவட்டாரத் தறிக்கூடங்களில் கூலிக்கு நெய்யப்படுகிறது.
5. துணி வெட்டித் தைக்கப்பட்டு, பிசிறு நீக்கி, சோதித்து, பெட்டியில் அடைக்கப்படுகிறது.
6. சரக்குப் பெட்டகங்கள் பெரும்பாலும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறுகின்றன.

இவ்வமைப்பில் சிறிய முதலீடு உடையவரும் ஏதேனும் ஒரு படியில் தொழில் தொடங்க இயலும். பத்துத் தறி வைத்திருப்பவரும், ஐந்து தையல் எந்திரம் வைத்திருப்பவரும் ஏற்றுமதிச் சங்கிலியில் இடம் பெறுகின்றனர். ஆயினும் ஆணை குறையும்போது இழப்பும் சங்கிலியின் கடைசிக் கண்ணிவரை செல்கிறது. 2025 ஆகத்து மாதத்தில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது இத்தகைய நெருக்கடிகளுள் ஒன்றாகும்.

துணியோடு தொடர்புடைய மற்றொரு தொழில் கொசுவலை. பாலித்தீன் இழையை இழுத்து, வலையாகப் பின்னி, தைத்து விற்கும் நிறுவனங்கள் இங்கு உள்ளன. மலேரியாத் தடுப்புக்காக இழையிலேயே பூச்சிக்கொல்லி சேர்த்துச் செய்யப்படும் வலைகளும் கரூரில் தயாராகின்றன.

பேருந்துக் கூண்டு கட்டுதல்

தமிழ்நாட்டின் தனியார் பேருந்துகளிலும் கல்லூரிப் பேருந்துகளிலும் பல, கரூரில் 'பாடி' கட்டப்பட்டவை. வாகன நிறுவனங்கள் எஞ்சின், சக்கரம், சட்டகம் ஆகியவற்றை மட்டும் கொண்ட 'சேசிஸ்' வண்டியை விற்கின்றன. மேற்கூரையும் பக்கச்சுவரும் இல்லாத இவ்வண்டியை ஓட்டுநர் கரூர்ப் பட்டறைவரை ஓட்டி வருகிறார். பட்டறையில் தூண்கள் பற்றவைக்கப்பட்டு, கூரை, தளம், தகடு, கண்ணாடி, மின்கம்பி, இருக்கை, வண்ணப்பூச்சு என ஒவ்வொன்றாகச் சேர்க்கப்படுகின்றன. தொடக்கத்தில் மரச்சட்டங்களைக் கொண்டு கட்டப்பட்ட கூண்டுகள், பின்னர் எஃகு மற்றும் அலுமினியத்துக்கு மாறின.

இத்தொழில் இங்கு வளர அமைவிடம் பெரிதும் உதவியது. சேலம், நாமக்கல், ஈரோடு, திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களின் பேருந்து உரிமையாளர்கள் இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் பட்டறைக்கு வந்து, வேலையை நேரில் பார்த்துத் தம் விருப்பத்தைச் சொல்ல முடிகிறது. நீண்ட வண்டிகளை நிறுத்திவைக்கத் தேவையான இடமும் பெருநகரைவிடக் குறைந்த விலையில் கிடைத்தது. தச்சர், பற்றவைப்பவர், வண்ணம் பூசுபவர், இருக்கை தைப்பவர், கண்ணாடி பொருத்துபவர் எனத் துணைத் தொழில்களும் அருகருகே அமைந்தன.

பேருந்துக் கட்டமைப்புக்கான ஏஐஎஸ் 052 என்னும் இந்திய நெறிமுறை கட்டாயமாக்கப்பட்ட பின்னர், அவசர வழி, இருக்கை இடைவெளி, கூண்டின் உறுதி முதலியவற்றுக்கு ஒப்புதல் பெற வேண்டியதாயிற்று. இது பயணிகளின் பாதுகாப்புக்குத் தேவையானது. எனினும் வரைபடமும் சோதனையும் இன்றிக் கைத்திறனை மட்டும் நம்பியிருந்த சிறு பட்டறைகளுக்குச் செலவை உயர்த்தியது. வாகன நிறுவனங்களே முழுமையாகக் கட்டி விற்கும் பேருந்துகளும் இவற்றுக்குப் போட்டியாக உள்ளன.

வங்கிகளும் நிதித் தொழிலும்

இரண்டு வங்கிகளைத் தோற்றுவித்த ஊர் கரூர். கரூர் வைசியா வங்கி 1916 இலும், லட்சுமி விலாஸ் வங்கி 1926 இலும் உள்ளூர் வணிகர்களால் தொடங்கப்பட்டன. விளைச்சல் காலத்தில் உழவருக்கும், சரக்கு வாங்கும் காலத்தில் வணிகருக்கும் கடன் தேவைப்பட்டது. பெருநகர வங்கிகள் அறியாத சிறு வணிகரின் நாணயத்தை உள்ளூர் வங்கியினர் நேரில் அறிந்திருந்தனர். இதுவே இவ்வங்கிகளின் தொடக்ககால வலிமையாகும்.

இவற்றின் பிற்கால வரலாறு வேறுபட்டது. கரூர் வைசியா வங்கி இன்றும் கரூரைத் தலைமையிடமாகக் கொண்டு நாடெங்கும் இயங்குகிறது. லட்சுமி விலாஸ் வங்கி பெருநிறுவனக் கடன்கள் வாராக்கடனானதால் நலிவுற்று, 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியின் இந்தியப் பிரிவுடன் இணைக்கப்பட்டது. வைப்புத்தொகைகள் காக்கப்பட்டன, ஆனால் பங்குமூலதனம் முழுவதும் மதிப்பற்றதாக நீக்கப்பட்டதால், பங்குகளைச் சேமிப்பாக வைத்திருந்தவர்கள் அவற்றை அடியோடு இழந்தனர்.

வங்கிகளுக்கு வெளியே, பேருந்து, சரக்குந்து, தறி வாங்கக் கடன் தரும் 'பைனான்ஸ்' எனப்படும் தனியார் நிதி நிறுவனங்களும் இவ்வட்டாரத்தில் மிகுதி.

காகித ஆலை

புகழூர் அருகே காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் மற்றும் காகித நிறுவனத்தின் ஆலை அமைந்துள்ளது. தமிழ்நாட்டு அரசால் 1979 இல் நிறுவப்பட்ட இந்நிறுவனம், மரத்துக்கு மாற்றாகக் கரும்புச் சக்கையைக் கொண்டு காகிதம் செய்வதில் முன்னோடியாகும். சருக்கரை ஆலைகள் சக்கையைத் தம் கொதிகலன்களில் எரிபொருளாகப் பயன்படுத்தி வந்தன. அவற்றுக்கு மாற்று எரிபொருளோ நீராவியோ அளித்து, சக்கையைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டின் மூலம் இவ்வாலை மூலப்பொருளைத் திரட்டியது.

நீரும் சாயமும்

கரூர் வட்டாரத்தின் மிகக் கடினமான சிக்கல் நீர் மாசடைவதாகும். பருத்தி நூலும் சாயமும் நீரில் எதிர் மின்னூட்டம் பெறுவதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. இவ்விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை நூலில் ஏற்றுவதற்காக உப்பு பெருமளவில் சேர்க்கப்படுகிறது. சாயத்தின் பெரும்பகுதி நூலில் ஒட்டிக்கொள்கிறது. உப்போ முழுவதும் கழிவுநீரில் தங்கிவிடுகிறது. சுண்ணாம்பு முதலியவற்றைக் கொண்ட வழக்கமான சுத்திகரிப்பு நிறத்தைக் குறைக்குமேயன்றி, கரைந்துள்ள உப்பை நீக்குவதில்லை. ஆகவே பார்வைக்குத் தெளிவாக உள்ள நீரும் பயிருக்கும் குடிநீருக்கும் பயன்படாததாக இருக்கக்கூடும்.

அமராவதிக் கரையில் அமைந்த சாயப்பட்டறைகளின் கழிவால் ஆற்று நீரும் கிணற்று நீரும் உவர்ப்பாயின. உழவர்களின் போராட்டங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நடவடிக்கைகள், நீதிமன்ற ஆணைகள் ஆகியவற்றைத் தொடர்ந்து பல பட்டறைகள் மூடப்பட்டன.

மேற்கே உள்ள திருப்பூரின் கழிவும் கரூர் மாவட்ட உழவர்களைப் பாதித்தது. நொய்யல் ஆற்றில் 1992 இல் பாசனத்துக்காகக் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில், திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. கரூர் மாவட்ட நிலங்களுக்கும் பாசனம் தர வேண்டிய அணை, சில ஆண்டுகளிலேயே பாசனத்துக்கு உதவாததாயிற்று. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது.

கழிவுநீர் வெளியேற்றாத முறையில், சவ்வுகளின் வழியாக நீர் அழுத்தப்பட்டு நன்னீர் பிரித்தெடுக்கப்படுகிறது. எஞ்சும் உப்புக்கரைசல் ஆவியாக்கப்பட்டு, உப்பு திண்மமாகப் பெறப்படுகிறது. நன்னீரையும் உப்பின் ஒரு பகுதியையும் மீண்டும் பயன்படுத்த முடியும். ஆனால் மின்சாரமும் நீராவியும் அதிகம் தேவைப்படுவதால் சாயக்கூலி உயர்கிறது. அக்கூலியை வாங்குநர் ஏற்கிறாரா, ஏற்றுமதியாளர் ஏற்கிறாரா, அல்லது கழிவை வெளியேற்றி உழவர் தலையில் சுமத்துகிறார்களா என்பதே இச்சிக்கலின் மையக் கேள்வியாகும்.

அன்றாட வாழ்க்கை

மாவட்டத்தின் கிழக்கே குளித்தலைப் பகுதியில் காவிரிப் பாசனத்தால் நெல்லும் வாழையும் விளைகின்றன. மேற்கே வறண்ட அரவக்குறிச்சிப் பகுதி முருங்கைக்குப் பெயர்பெற்றது. இக்கிராமங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் நாள்தோறும் கரூரின் தையற்கூடங்களுக்கும் பட்டறைகளுக்கும் வந்து செல்கின்றனர். வட இந்திய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் இங்குக் குடியேறியுள்ளனர். வேலை முடிந்த மாலைகளில், நொறுக்கிய முறுக்கு அல்லது தட்டுவடையுடன் காய்த்துருவலும் சட்டினியும் கலந்து விற்கப்படும் 'கரம்' கடைகளில் கூட்டம் மிகுந்திருக்கும்.

பெருநகரங்களுக்கு இடையில் வாழ்வதில் நன்மையும் குறையும் உள்ளன. இடவாடகை குறைவு, வேலைக்குச் செல்லும் தொலைவும் குறைவு. தொழிலில் ஈடுபட்டோர் ஒருவரையொருவர் அறிந்திருப்பதால் வாய்ச்சொல்லிலேயே பல கொடுக்கல் வாங்கல்கள் நடைபெறுகின்றன. மறுபுறம், கரூரில் வானூர்தி நிலையம் இல்லை; வெளிநாட்டு வாங்குநர் திருச்சிராப்பள்ளி அல்லது கோயம்புத்தூர் வழியாகவே வர வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி 2019 இல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன்னர் கடும் நோயாளிகள் உயர் சிகிச்சைக்குப் பெரும்பாலும் வெளியூர் செல்ல வேண்டியிருந்தது. பொறியியல் பட்டம் பெறும் இளைஞர் பலர் சென்னை, பெங்களூர், கோயம்புத்தூர் ஆகிய நகரங்களுக்குச் செல்கின்றனர். துணி வடிவமைப்பு, பேருந்து வரைபடம், நீர்ச் சுத்திகரிப்பு ஆகிய மூன்றிலும் பயிற்சி பெற்றவர் தேவைப்படும் காலத்தில், அவர்களை ஊரிலேயே தங்கச் செய்வது இவ்வட்டாரத் தொழில்களின் எதிர்காலத்துக்கு இன்றியமையாததாகும்.