நைரோபிக்கு வந்த மன்னிப்பு

நாளிதழில் வெகுகாலம் வெளிநாட்டுப் பக்கம் பார்த்தவன் நான். ஏஜென்சிச் செய்தியில் ஆப்பிரிக்கா வந்தால் பஞ்சம், கலவரம், கொள்ளைநோய் மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அதைப் படிக்கும் ஆப்பிரிக்கர் மறுத்துப் பேச வழி ஏது?

2015 ஜூலையில் கென்யர்கள் பேசினார்கள். அமெரிக்க அதிபர் ஒபாமா தன் தந்தையின் நாட்டுக்குக் கிளம்பிய நேரம். அவர் போவது பயங்கரவாதம் விளையும் மண்ணுக்கு என்கிற தொனியில் செய்தி போட்டது சிஎன்என். ட்விட்டரில் 'சம்ஒன் டெல் சிஎன்என்' ஹேஷ்டேக் பற்றிக்கொண்டது. 2012-லும் இதே சேனலை இதே ஹேஷ்டேக்கால் வாங்கு வாங்கென்று வாங்கியவர்கள்தான். கோபத்துக்குக் குறையாத நக்கல். ஆகஸ்டில் சிஎன்என்னின் உயரதிகாரி டோனி மேடக்ஸ் நைரோபிக்கே வந்து, அதிபர் உஹுரு கென்யாட்டாவிடம் மன்னிப்புக் கேட்டார்.

கென்யாவில் பயங்கரவாதமே இல்லை என்பதல்ல. அந்த ஏப்ரலில்தான் கரிஸ்ஸா பல்கலைக்கழகத்தில் அல்-ஷபாப் பயங்கரவாத அமைப்பு 148 பேரைக் கொன்றிருந்தது. ஆனால் அதே ஆண்டு ஜனவரியில் பாரிசில் சார்லி எப்டோ பத்திரிகை அலுவலகத்தில் புகுந்து சுட்டார்களே, பாரிசுக்கு அப்படியொரு பட்டம் கட்டியதாக நான் படிக்கவில்லை.

ஆனால் இந்த ட்விட்டர் கூட்டத்தைக் கொண்டாட மட்டும் முடியாது. கென்யாவில் ஒரு நாளைக்கு 10, 15 டாலர் கூலிக்கு ஹேஷ்டேக் ஓட்டி, நீதிபதிகளையும் சமூக ஆர்வலர்களையும் இழிவுபடுத்த ஆள் பிடித்த கதையை 2021-இல் மொஸில்லா அறக்கட்டளை அம்பலப்படுத்தியது. கூலிப்படைக்கும் அதே ட்விட்டர்தான்.

என்னைக் கேட்டால், சிஎன்என்னின் மன்னிப்பைவிடப் பெரிய விஷயம் 2024 ஜூனில் நடந்தது. கென்யா என்றாலே கிக்குயு, லுவோ என்று இனக்குழுக் கணக்குப் போடுவதுதான் வெளிநாட்டு நிருபர்களின் வழக்கம். 2007 தேர்தல் கலவரத்தை அப்படித்தான் எழுதினார்கள். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் 2024-இல், ரொட்டிக்கு 16 விழுக்காடு வாட் வரி போட முனைந்த நிதி மசோதா வந்தபோது, இளைஞர்கள் அதை டிக்டாக்கில் பிரித்து மேய்ந்தார்கள். எங்களுக்குத் தலைவரும் இல்லை, இனக்குழுவும் இல்லை என்று சொல்லித் தெருவில் இறங்கினார்கள். ரொட்டி வரியை அரசு கைவிட்டும் அவர்கள் ஓயவில்லை. ஜூன் 25 அன்று நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள்; போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. மறுநாள் மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்றார் அதிபர் வில்லியம் ரூட்டோ. ஜூலையில், எக்ஸ் என்று பெயர் மாறிவிட்ட அதே ட்விட்டரின் ஸ்பேஸ் அரட்டைக்கு அவரே வந்து உட்கார்ந்தார். போலீஸ் ஏன் சுட்டது என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள்.