சோழியின் பளபளப்பு

பல்லாங்குழியிலும் தாயத்திலும் நம் கையில் உருளும் சோழியை அறியாதவர் இல்லை. ஆனால் அது ஒரு கடல் நத்தையின் வீடு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

சோழி, மெல்லுடலிகள் தொகுதியைச் சேர்ந்தது. இளமையில் அதன் ஓடு மெல்லியதாகவும் சுருளாகவும் இருக்கும். வளர்ந்ததும் ஓட்டின் விளிம்பு உள்நோக்கி மடிந்து தடித்து, பற்களைப் போன்ற வரிகளைப் பெறுகிறது. அப்போது அதன் உடலிலிருந்து இரண்டு மெல்லிய தோல்மடிப்புகள் வெளிவந்து, ஓட்டை இருபுறமும் போர்வை போல் மூடும். அம்மடிப்புகளே சுண்ணாம்புப் பொருளை ஓட்டின் மேல் அடுக்கடுக்காகப் பூசுகின்றன. பாசி படியாமலும் காக்கின்றன. ஆகவேதான் அது ஆரணிப் பட்டைப் போல் மின்னுகிறது.

நம் மாநிலத்தில் சோழிகளுக்கு உறைவிடமாக இருப்பது மன்னார் வளைகுடா. பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் வளர்ந்துள்ளன. சோழி பகலில் பாறை இடுக்கில் ஒளிந்திருந்து இரவில் இரை தேடும். தாய்ச் சோழி தன் முட்டைகளைக் காலால் மூடிக் காவல் காக்கும்.

முற்காலத்தில் மாலத்தீவுச் சோழிகள் வங்காளத்திலும் மேற்கு ஆப்பிரிக்காவிலும் நாணயமாக வழங்கின. மனிதரை அடிமைகளாக வாங்கவும் அவை பயன்பட்டன என்பது வருந்தத்தக்கது.

இறந்து கரையொதுங்கிய சோழி வெயிலிலும் மணலிலும் விரைவில் ஒளி இழந்துவிடும். எனவே கடையில் பளபளக்கும் சோழி பெரும்பாலும் உயிருடன் எடுக்கப்பட்டதே. பட்டுக்காகக் கூட்டுப்புழு கொதிநீரில் மடிவதை நம் ஊரார் அறிவர். ஆனால் பட்டுப்புழுவை மனிதர் வளர்த்துப் பெருக்குகின்றனர். சோழியையோ கடலிலிருந்து எடுக்கிறோமே தவிர, திருப்பித் தருவதில்லை.

அதன் வீடான பவளப்பாறைக்கும் ஆபத்து வந்துள்ளது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தை வெட்டியதும் ஒரு காரணமாக, அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. 1986-இல் அப்பகுதி கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001-இல் பவளங்களுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலும் கிடைத்தது. ஆயினும் கடல் நீர் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளங்கள் வெளுத்தன.

தோழியரே! இறைவன் படைத்த இச்சிற்றுயிரைக் காக்க நம்மாலும் இயலும். சுற்றுலா செல்லும்போது சோழிகளை வாங்காதிருப்போம். வீட்டில் இருக்கும் பழைய சோழிகளைப் பேணுவோம். அவை இல்லையெனில், தாயத்திற்கு ஒருபுறம் தேய்த்த புளியங்கொட்டையே போதுமே!