ஒரு மில்லிமீட்டர் கம்பி

நெடுஞ்சாலையில் போலீஸார் கையில் பிடித்து வண்டிகளின் வேகத்தை அளக்கும் லேசர் கருவிக்குள் என்னதான் இருக்கிறது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கடுகளவே ஆன ஒரு லேசர் டயோடு. லேசர் எப்படிப் பிறக்கிறது என்பதைப் பலரும் எழுதிவிட்டார்கள். அதைத் தட்டியெழுப்பும் மின்சுற்றுதான் என்னை மயக்குவது.

1962-ல் அமெரிக்காவில் ராபர்ட் ஹால் குழுவினர் இயக்கிய முதல் குறைக்கடத்தி லேசர், திரவ நைட்ரஜன் குளிரில் விட்டு விட்டுத்தான் ஒளிர்ந்தது. இன்று இந்தக் கருவியில் இருக்கும் டயோடும் விட்டு விட்டுத்தான் ஒளிரும். சில நானோ நொடிக்கு 30 ஆம்பியர் பாயும், ஒளி 70 வாட்டைத் தொடும், உடனே அணைந்துவிடும். வேலை நேரம் அதிகபட்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு மேல் போனால் சூட்டில் கருகிவிடும்.

அவ்வளவு மின்னோட்டத்தைச் சின்ன பேட்டரி நேராகத் தராது. எங்கள் வீட்டுக் குழாயில் நூலாக வடியும் தண்ணீர் இரவெல்லாம் அண்டாவில் சேரும். காலையில் கவிழ்த்தால் முற்றமே நனையும். இங்கே அண்டா, கெப்பாசிட்டர். கவிழ்க்கும் கை, மாஸ்ஃபெட் என்ற டிரான்சிஸ்டர். இப்போது அதைவிட வேகமான காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர்.

விசித்திரம் இனிமேல்தான். எந்தக் கம்பியும் தன்னுள் பாயும் மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும். இந்தக் குணம்தான் மின்தூண்டல்; ஒரு மில்லிமீட்டர் கம்பிக்கு அது ஏறத்தாழ 1 நானோஹென்றி. 3 நானோ நொடியில் 30 ஆம்பியர் ஏற வேண்டுமென்றால் அந்த ஒரு மில்லிமீட்டரே 10 வோல்ட்டை விழுங்கிவிடும். டயோடின் காலை ஒரு சென்டிமீட்டர் நீளமாக விட்டால் 100 வோல்ட் அதிலேயே போய்விடும். அதனால்தான் நல்ல சுற்றுப்பலகையில் கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர், டயோடு மூன்றும் ஒட்டி உட்கார்ந்திருக்கும். மின்னோட்டம் திரும்பும் பாதை நேர் கீழ் அடுக்கில் எதிர்த்திசையில் ஓடும். இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும். கல்லூரிக் கண்காட்சிகளில் இதே சுற்றை முழ நீள ஜம்பர் கம்பிகளால் இணைத்துவிட்டு, டயோடு மட்டம் என்று பிள்ளைகள் அலுத்துக்கொள்கிறார்கள். சுற்றுப்படம் வரையக் கற்றுத்தருகிறோம். கம்பியும் ஓர் உறுப்பு என்று யாரும் சொல்லித்தருவதில்லை.

அதைவிட என்னை வருத்துவது கண் விஷயம். இந்த லேசரின் ஒளி பெரும்பாலும் 905 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் இமை மூடாது. விழிலென்ஸோ அதை விழித்திரையில் ஒரு புள்ளியாகக் குவித்துவிடும். சராசரித் திறன் சில மில்லிவாட்தானே என்று பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் பிள்ளைகள் குனிந்து பார்க்கிறார்கள். கண்ணாடி வாங்கும்போதும் அதன் மேல் அச்சிட்டிருக்கும் தடுப்பு அலைநீள எல்லைக்குள் 905 வருகிறதா என்று பாருங்கள். பச்சை லேசருக்கு மட்டுமான கண்ணாடி இதற்கு உதவாது.