தனிநாயகம் அடிகளின் ஆய்வு திறந்த வழி

ஓர் அறிஞரின் ஆராய்ச்சி உயர்கல்வித் துறையில் விளைத்த பயனை எவ்வாறு அளப்பது? இந்நாளிற் பல்கலைக்கழகங்கள் இதற்கு எண்களையே பெரிதும் நாடுகின்றன. வெளியிட்ட கட்டுரைகள் எத்தனை, பிறர் அவற்றை மேற்கோளாகக் காட்டியது எத்தனை முறை என்று கணக்கிடுகின்றன. இக்கணக்கு வேண்டாததென்று நான் கூறவரவில்லை. ஆயினும் சேவியர் தனிநாயகம் அடிகளின் பணியை எண்ணும்போதெல்லாம் இவ்வளவுகோல் மிகச் சிறிதென்றே எனக்குத் தோன்றுகின்றது.

1913ஆம் ஆண்டு ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனிற் பிறந்த அடிகள், உரோமாபுரியிற் சமயக் கல்வி பயின்று குருவானவர். முப்பது வயதைக் கடந்த பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழை முறையாகக் கற்றார். சங்கச் செய்யுளில் இயற்கை பெறும் இடத்தை அங்கே ஆராய்ந்தார். பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருந்த காலத்தில், பண்டைத் தமிழிலக்கியம் காட்டும் கல்விச் சிந்தனையை ஆய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அவர் விரிவுரையாற்றியது கல்வித் துறையிலே என்பது கருதத்தக்கது. ஒரு புலமை எவ்வாறு கைமாறுகின்றது, எவ்விடத்திற் செழிக்கின்றது என்னும் வினாக்கள் அவர் நெஞ்சில் ஊன்றியமைக்கு அத்துறையும் ஒரு காரணமென்பது என் கருத்து.

அக்காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தமிழ் கற்ற அறிஞர் சிலர் இருந்தனர். அவர்கள் எழுதியவை நம் பண்டிதர்க்குப் பெரும்பாலும் எட்டவில்லை. நம் பண்டிதரின் ஆழ்ந்த புலமையும் அவர்களைச் சென்றடையவில்லை. கீழைத்தேய ஆய்வரங்குகளில் வடமொழிக்கே முதன்மை இருந்தது. இவ்விடைவெளியை நிரப்பவே 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்னும் ஆங்கிலக் காலாண்டிதழை அடிகள் தொடங்கினார். தமிழ் பற்றிய கூற்றுக்கள் சான்றோடு உலக அறிஞர் முன் வைக்கப்படவும், அவர்தம் மறுப்புக்கு உட்படவும் அவ்விதழ் களமாயிற்று. தமிழ்ப் பெருமையை மேடையில் முழங்குதல் எளிது. அதனை அயலார் சோதனைக்கு விடுதற்குத் துணிவு வேண்டும்.

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியற் பகுதியின் பொறுப்பை ஏற்றபின் அவர் பணி மேலும் விரிந்தது. 1964 சனவரியிற் புதுதில்லியில் நடந்த கீழைத்தேயவியல் மாநாட்டுக்கு வந்திருந்த அறிஞரைக் கூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றம் நிறுவுதற்கு முன்னின்றார். பிரெஞ்சு அறிஞர் சான் ஃபிலியோசா அதன் முதல் தலைவரானார். முதல் மாநாடு 1966இற் கோலாலம்பூரிலும், பின்னையவை 1968இற் சென்னையிலும் 1970இற் பாரிசிலும் 1974இல் யாழ்ப்பாணத்திலும் கூடின. யாழ்ப்பாண மாநாட்டின் முடிவில் நேர்ந்த உயிரிழப்புக்களை நாம் மறவோம். அங்கே படிக்கப்பெற்ற ஆய்வுரைகளையும் மறவாதிருத்தல் நம் கடனாகும்.

மாநாட்டின் ஆரவாரத்திற்கு அப்பால் அடிகள் செய்த வேறு இரு பணிகளையே நான் என் மாணவர்க்கு முதலிற் கூறுவது வழக்கம். தமிழியல் நூல்களைத் தொகுத்துக் காட்டும் ஆங்கில வழிகாட்டியொன்றை 1966இல் வெளியிட்டார். 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை மறுபதிப்பாக அதே ஆண்டில் ஆய்வாளர் கைக்கு எட்டச் செய்தார். நூற்பட்டியல் தொகுப்போனுக்கும் பழம்பதிப்பை மீட்போனுக்கும் புகழ் குறைவு. ஆனால் அவர்களின்றிப் பின்வருவோர் அடியெடுத்து வைத்தல் அரிது.

அடிகள் 1980இல் மறைந்தார். அடுத்த சனவரியில் மதுரையில் ஐந்தாம் மாநாடு அவரின்றியே கூடியது. தொடங்கியவர் போனபின்னும் தொடர்கின்ற செயலே உண்மையான பயன் என்பேன். இன்று பட்டத்திற்கு ஆய்வேடு எழுதும் இளைஞர், “என் கட்டுரையை எத்தனை பேர் எடுத்தாள்வர்?” என்று கேட்பது இயல்பே. “நான் தேடித் தொகுத்தவற்றுள் எதனை அடுத்தவன் எளிதிற் பயன்படுத்தலாம்?” என்றும் அவர்கள் தம்மைக் கேட்பாராயின், நம் பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி ஒரு தலைமுறையோடு நின்றுவிடாது.