தந்தை தரும் இரண்டு துகள்!

ஐரோப்பாவின் அட்லாண்டிக் கடலோரப் பாறைகளில் பழுப்பு நிறப் பாசி ஒன்று கொத்துக் கொத்தாக வளர்கிறது. பெயர் பியூக்கஸ்.

அலை ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து இது முட்டைகளைக் கடலில் விடும். முட்டைக்கு நீந்தத் தெரியாது. ஆனால் ஒருவித வாசனைப் பொருளை வெளியிடும். உடனே விந்தணுக்கள் 2 வால்களை ஆட்டிக்கொண்டு வந்து மொய்க்கும்.

உள்ளே போவது ஒன்றே ஒன்றுதான். அது நுழைந்ததும் முட்டை கதவைச் சாத்திவிடுகிறது! சில நிமிடங்களில் சுற்றிலும் சுவரும் எழும்பிவிடும்.

ஏன் இந்த அவசரம்?

விந்தணுவின் வால்களுக்கு அடியில் 2 நுண்ணிய துகள்கள் உண்டு. "சென்டிரியோல்" என்று பெயர். இவை தந்தைவழிச் சொத்து. (தாயும் சும்மா இல்லை. சூரிய ஒளியில் உணவு சமைக்கும் பசுங்கணிகங்கள் தாய்வழிச் சொத்து!)

துகள்கள் இரட்டித்து, உட்கருவின் இரு பக்கமும் போய் நிற்கும். அங்கிருந்து "நுண்குழாய்" என்னும் புரத இழைகள் கிளம்பி, குரோமோசோம்களைச் சரிபாதியாக இழுத்துப் பிரிக்கும்.

2 விந்தணுக்கள் நுழைந்துவிட்டால்? துகள்கள் கூடிவிடும். ஒரே வண்டியை நாலு பேர் நாலு பக்கம் இழுத்த கதைதான்! குரோமோசோம்கள் தாறுமாறாகச் சிதறும். கரு பிழைப்பதில்லை.

ஒழுங்காகக் கருவுற்ற முட்டை பாறையில் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சம் படாத பக்கத்தில் "ஆக்டின்" என்னும் வேறு வகை இழைகள் திரண்டு, அங்கே ஒரு முளை நீளும்.

ஏறத்தாழ ஒரு நாள் கழிந்ததும் முட்டை குறுக்கே இரண்டாகப் பிரிகிறது. முளைப் பக்கத்து உயிரணுவிலிருந்து பாறையைப் பற்றும் பிடிப்பு வளர்கிறது. மற்றதிலிருந்து பாசியின் உடல் வளர்கிறது.